பாறை என்ற பெயரும் மாறிய குரல்களும்



இலக்கியம் பேசும் இந்த வேளையில் ஒரு றொக் இசைக்குழுவைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று உங்களிற் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பாட்டும் இலக்கியந்தான் என்பதில் நமக்குள் பேதம் இருக்காது. பாட்டை எழுதியவர் ஒருவர், பாடியவர் வேறொருவர், அவரும் போய் இன்னொருவர் வந்து பாடுகிறார் என்றால் அந்தப் பாட்டு யாருக்குரியது? இக்கேள்வி இலக்கியக்காரருக்கும் உரிய கேள்விதான். இதை என் மனதில் முதன்முதலிற் கிளப்பியது ‘பெட்ரா’ என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ றொக் இசைக்குழு. ஆகவே அக்குழு உருவான விதத்தையும், அதில் ஆட்கள் வந்து போன கதையையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் அந்தக் குழு எனக்கு அறிமுகமான கதையைச் சொல்லிவிடுகிறேன். 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. பற்றறியும் கிடைக்காது. எங்கள் பங்கின் இளைஞர்கள் ஏழுபேர் சேர்ந்து ஒரு பாடற்குழு வைத்திருந்தோம். இரண்டு கிற்றார், ஓர் ஆர்மோனியம், ஒரு டோலக்கு, இவ்வளவுதான் எங்கள் சொத்து. கொழும்புக்குப் போய்க் கிளாலிக் கடலேரி தாண்டித் திரும்பிய ஒருவர், கனடாவிலிருந்து உறவினர் அனுப்பியதாக ஒரு கசெற்றைக் கொண்டுவந்து தந்தார். பிரதி எடுத்த கசெற். அட்டையும் இல்லை, படமும் இல்லை. குழுவின் பெயரும் தொகுப்பின் பெயரும் மாத்திரம் பேனையால் எழுதப்பட்டிருந்தன.

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து, ஒருவர் பெடலைக் கையாற் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்திற் பாட்டுக் கேட்பது அக்காலத்து வழக்கம். சுற்றுகிறவனின் கை தளர்ந்தால் பாடகரின் குரலும் தளர்ந்து இழுபடும். நாங்கள் கேட்ட தொகுப்பு 1982 இல் வெளிவந்த ‘மோர் பவர் டு யா’. ‘உனக்கு மேலும் வல்லமை’ என்று தமிழாக்கலாம். மின்சாரத்துக்கும் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைத்தானே வழங்குகிறார்கள்! பெடல் சுற்றியவன் வியர்வையைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தது இன்றும் நினைவிருக்கிறது.

சில மாதங்களின் பின் இரண்டாவது கசெற் வந்தது. ‘பியோண்ட் பிலீஃப்’, 1990 ஆம் ஆண்டுத் தொகுப்பு. போட்டதும் ஒரு கரகரத்த குரல் கேட்டது. முதற் கசெற்றிற் கேட்ட தெளிந்த, மேலே மேலே ஏறும் குரல் அதுவல்ல. ‘வடிவாச் சுத்தடா!’ என்று பெடலில் இருந்தவனைப் பேசினோம். அவன் மூச்சுவாங்கச் சுற்றினான். தாளம் வேகமாயிற்றே தவிரக் குரல் பழைய குரலாகவில்லை. ஆளே மாறிவிட்டார் என்பது பிறகுதான் விளங்கியது. ‘அப்ப இது அந்தக் குழு இல்லை’ என்று கசெற்றைக் கழற்றி வைத்துவிட்டோம். எங்களுக்கு அது ஓர் ஏமாற்றமாகவே இருந்தது.

அந்தக் குழுவின் வரலாற்றைத் தேடிப் படிக்கும் வாய்ப்புப் பல ஆண்டுகள் கழித்தே எனக்குக் கிடைத்தது. நாங்கள் நினைத்ததிலும் பெரிய மாற்றங்கள் அதற்குள் நடந்திருந்தன.

1960 களின் பிற்பகுதியிலே கலிபோர்னியாவில் தலைநீட்டி அமெரிக்கா முழுவதும் பரவிய ‘இயேசு இயக்கம்’ என்ற இளைஞர் எழுச்சியின் பிள்ளைதான் கிறிஸ்தவ றொக் இசை. நீண்ட தலைமுடியும் கிழிந்த காற்சட்டையுமாகத் திரிந்த இளைஞர் பலர் விவிலியத்தைக் கையிலெடுத்தார்கள். கிற்றாரை அவர்கள் கீழே வைக்கவில்லை. லரி நோர்மன் என்பவர் 1969 இல் வெளியிட்ட ‘அப்போன் திஸ் றொக்’ என்ற இசைத்தட்டையே இவ்வகையின் முதற் தொகுப்பாகப் பலர் கொள்வர்.

1972 இல் இண்டியானா மாநிலத்தின் போர்ட் வேய்ன் நகரிலிருந்த ஒரு கிறிஸ்தவப் பயிற்சி நிலையத்தில் பொப் ஹார்ட்மன், ஜோன் டிகுரோஃப் என்னும் இரு இளைஞர்கள் ஒன்று சேர்ந்தனர். ஹார்ட்மன் கிற்றார், டிகுரோஃப் பேஸ் கிற்றார். இன்னொரு கிற்றாருக்குக் கிரெக் ஹஃப், டிறம்ஸுக்குப் பில் குளோவர் என நால்வராயினர். கோப்பிக் கடைகளிலும் பூங்காக்களிலும் தேவாலய மண்டபங்களிலும் இசைத்தனர். போர்ட் வேய்னில் ‘ஆடம்ஸ் அப்பிள்’ என்றொரு கோப்பிக் கடை இயேசு இயக்கத்தவரின் கூடுமிடமாக இருந்தது. அங்கே வளர்ந்த குழு இது.

பெட்ரா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பாறை என்பது பொருள். ஆங்கிலத்திற் பாறைக்கும் றொக் இசைக்கும் ஒரே சொல். ‘இந்தப் பாறையின்மேல்’ என்ற மத்தேயு 16 ஆம் அதிகாரத்து வாசகத்தையும் அந்தப் பெயர் நினைவூட்டும். நாம் பேதுரு என்றும், எங்கள் பாட்டிமார் இராயப்பர் என்றும் வழங்கிய அப்போஸ்தலரின் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததே. அசையாதது என்று பொருள்படும் பெயரைச் சூடிய குழு, ஆட்களைப் பொறுத்தவரையில் அசைந்துகொண்டே இருந்தது.

‘மேர்’ என்ற கிறிஸ்தவ இசைத்தட்டு நிறுவனத்தின் மூலம் முதற் தொகுப்பு 1974 இல் வந்தது. அதில் ஒரு குறை இருந்தது. ஹார்ட்மன் நல்ல பாடலாசிரியர், நல்ல வாத்தியக்காரர். பெரிய குரல்வளம் வாய்த்தவர் அல்லர். இதை அவர் உணர்ந்திருந்தார் என்பதே இக்கதையின் திருப்புமுனை என்பேன். 1977 இல் வந்த இரண்டாவது தொகுப்புக்குக் கிரெக் எக்ஸ். வோல்ஸ் என்ற பாடகரை விருந்தினராக அழைத்தார். அந்தக் காலத்தில் வோல்ஸுக்கு ‘ஆர்.ஈ.ஓ. ஸ்பீட்வாகன்’ என்ற புகழ்பெற்ற றொக் குழுவின் முதன்மைப் பாடகராகும் வாய்ப்பும் வந்ததாகவும், அதை அவர் மறுத்ததாகவும் கூறுவர். பணமும் புகழும் ஒருபக்கம். தேவாலய மண்டபங்களிற் பாடும் ஏழைக் குழு மறுபக்கம். அவர் இரண்டாவதையே தெரிந்தெடுத்தார்.

1979 இல் ‘வோஷஸ் வைற்றர் தான்’ என்ற மூன்றாவது தொகுப்பு வெளிவந்தபோது முதல் நால்வரில் எஞ்சியவர் ஹார்ட்மன் ஒருவரே. ஹஃப், டிகுரோஃப், குளோவர் மூவரும் விலகியிருந்தனர். நிறுவனமும் மாறி ‘ஸ்ரார் சோங்’ ஆகியிருந்தது. ஏழாண்டு உழைப்பின் பின் கூடத் தொடங்கிய தோழர்கள் இல்லாமல், பெரிய புகழும் இல்லாமல் நின்ற நிலை அது. பெயரை மூட்டை கட்டி வைத்துவிட்டு வேறு தொழில் பார்க்கப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஹார்ட்மன் போகவில்லை. வோல்ஸ் நிரந்தர உறுப்பினரானார். மார்க் கெலி பேஸ் கிற்றாருக்கும், ஜோன் ஸ்லிக் கீபோட்டுக்கும், லூயி வீவர் டிறம்ஸுக்கும் வந்து சேர, 1981 இல் ‘நெவர் சே டை’ வெளிவந்தது. இதில் இடம்பெற்ற ‘த கலரிங் சோங்’ கிறிஸ்தவ வானொலிகளில் இவர்களை நாடறியச் செய்தது. றொக் குழுவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அந்தப் பாட்டு ஆரவாரமில்லாத மென்மையான பாட்டு என்பதும், அது ஹார்ட்மன் எழுதியதல்ல, டேவ் ஈடன் என்பவர் எழுதியது என்பதும் குறிப்பிடத்தக்கன. தன் குரலை விட்டுக்கொடுத்தது போலவே, நல்ல பாட்டென்றால் பிறர் எழுத்துக்கும் அவர் இடம் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு வந்ததுதான் எங்கள் சைக்கிள் டைனமோவில் ஓடிய தொகுப்பு. தலைப்புப் பாட்டு, ஆண்டவருக்காகக் காத்திருப்போர் புதுப்பெலன் அடைவர் என்ற எசாயா 40 ஆம் அதிகாரத்துக் கருத்தைத் தழுவியது. இன்னொரு பாட்டு, தேவாலயத்து வண்ணக் கண்ணாடி யன்னல்களைப் பற்றியது. வெளியே மனிதர் படும் துன்பம் உள்ளே இருப்போர் கண்ணிற் படாமல் அந்த வண்ணமே மறைத்துவிடுகிறது என்ற கண்டனம் அதிலுண்டு. பக்திப் பாட்டென்றால் துதியும் வேண்டுதலும் மாத்திரமே என்று எண்ணியிருந்த எங்களுக்கு, தன் சபையைத் தானே கேள்வி கேட்கும் பாட்டும் பக்திப் பாட்டாகலாம் என்று காட்டியது அதுதான்.

எதிர்ப்பும் கடுமையாகவே இருந்தது. றொக் இசை சாத்தானின் இசை. அதிற் கடவுளைப் பாடுவது அவதூறு என்றனர் பலர். ஜிம்மி ஸ்வாகார்ட் என்ற தொலைக்காட்சிப் போதகர் 1987 இல் இதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய் என்று தலைப்பிலேயே சாடியிருந்தார். றொக் இசைத்தட்டுகளைப் பின்னோக்கிச் சுழற்றினால் பேயின் செய்தி கேட்கும் என்றொரு வதந்தியும் அப்போது உலாவியது. பெட்ராக்காரர் என்ன செய்தார்கள் தெரியுமா? 1982 ஆம் ஆண்டுத் தொகுப்பிலே வேண்டுமென்றே ஒரு வாசகத்தைப் பின்னோக்கிப் பதித்து வைத்தார்கள். அதைத் திருப்பிக் கேட்டால், ஆண்டவரைத் தேடவேண்டிய நீ பேயை ஏன் தேடித் திரிகிறாய் என்ற கருத்து வரும்!

இந்தச் சச்சரவு நமக்குப் புதிதன்று. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், கோயில் தெய்வங்களையும் அரசரையும் பாடிவந்த குறவஞ்சி வடிவத்தை எடுத்துப் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். அவரும் பழைய பாத்திரத்திற் புதிய பொருளை ஊற்றியவரே. நம்முடைய கத்தோலிக்கக் கூத்துகளும் அப்படி வந்தவைதாம். எங்கள் பங்கிலும் ஒரு பெரியவர் கிற்றார்ச் சத்தம் கேட்டாற் ‘பேய்க்கூத்து’ என்பார். அவரே ‘எஸ்தாக்கியார்’ கூத்திலே விடிய விடிய ஆடியவர் என்பதை நாங்கள் அவருக்கு நினைவூட்டத் துணியவில்லை.

கதைக்குத் திரும்புவோம். 1980 களின் நடுப்பகுதியில் பெட்ரா உச்சத்தில் இருந்தது. ஸ்லிக் போய் ஜோன் லோரி கீபோட்டுக்கு வந்திருந்தார். அந்த வேளையிலே வோல்ஸ் தனிப்பாடகராகப் போக முடிவுசெய்தார். 1986 இல் வெளிவந்த மேடை நிகழ்ச்சித் தொகுப்பே அவர் பாடி வந்த கடைசித் தொகுப்பு. குழுவின் முகமாகவும் குரலாகவும் இருந்தவர் போய்விட்டார். இனி யார்?

ஜோன் ஷ்லிட் வந்தார். இவர் ‘ஹெட் ஈஸ்ற்’ என்ற இலினோய் மாநில றொக் குழுவிற் பாடிப் பெயர் பெற்றவர். மதுவும் கொக்கெயினும் பிடித்தாட்ட, 1980 இல் அந்தக் குழு அவரை வெளியேற்றியது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை போயிருந்த அவர், மனைவியின் தூண்டுதலாற் போதகர் ஒருவரைச் சந்தித்து மனம் மாறினார். படித்த பொறியியல் கைகொடுக்கச் சுரங்கத் தொழிற்றுறையில் வேலைக்குப் போனார். இசை முடிந்துபோன கதை என்றே இருந்தவரை 1986 இல் ஹார்ட்மன் அழைத்தார். ஒரு குழு துரத்திய குரலை இன்னொரு குழு தேடிப்போய் எடுத்தது. எங்களுக்குக் கரகரத்துக் கேட்ட குரல் இவருடையதுதான். அந்தக் கரகரப்புக்குள் இவ்வளவு கதை இருந்ததை நாங்கள் எப்படி அறிவோம்?

ரசிகர் பலர் எங்களைப் போலவே முதலில் முரண்டுபிடித்தனர். ஆனால் ‘கன்சாஸ்’ குழுவின் முன்னாட் பாடகர் ஜோன் எலிஃபாண்டேயும் அவர் சகோதரர் டினோவும் தயாரிப்பாளராக வந்து, இசையைப் புதிய குரலுக்கேற்பக் கனதியாக்கினர். நாங்கள் கழற்றிவைத்த ‘பியோண்ட் பிலீஃப்’ கிராமி விருது பெற்ற தொகுப்பு என்பதை அறிந்தபோது எனக்கு வெட்கமாயிருந்தது. குழு மொத்தமாக நான்கு கிராமி விருதுகளைப் பெற்றது. 2000 ஆம் ஆண்டில் நற்செய்தி இசையின் புகழ் மண்டபத்திற் சேர்க்கப்பட்ட முதல் றொக் குழு என்ற பெருமையும் இவர்களுக்குரியது.

இதனிலும் வியப்பான மாற்றம் 1995 இல் நிகழ்ந்தது. ஹார்ட்மன் மேடையை விட்டு இறங்கினார். வருடத்தின் பெரும்பகுதி ஊர் ஊராய்ப் போகும் வாழ்வை விட்டு, வீட்டாரோடு இருக்க விரும்பினார். வீட்டிலிருந்து பாட்டு எழுதினார். மேடையில் அவர் இடத்தில் டேவிட் லிக்கன்ஸ் கிற்றார் வாசித்தார். அவரும் போய்ப் பீற் ஓர்ட்டா வந்தார். பேஸ் கிற்றாருக்கு மார்க் கெலியின் பின் ரொனி கேற்ஸ், அவருக்குப் பின் லொனி சேப்பின், பிறகு கிரெக் பெய்லி. தொடங்கிய நால்வரில் ஒருவர்தானும் இல்லாமற் பெட்ரா என்ற பெயரில் ஒரு குழு மேடையேறிக் கொண்டிருந்தது. பாட்டைப் பெற்றவர் வீட்டில் இருந்தார். பாட்டு ஊரிலே திரிந்தது.

எல்லாப் பிரிவும் இன்முகத்தோடு நிகழ்ந்தது என்று சொல்ல மாட்டேன். 1981 முதல் இருபத்திரண்டு ஆண்டுகள் டிறம்ஸ் வாசித்த லூயி வீவர் 2003 இற் குழுவிலிருந்து நீக்கப்பட்டமை ரசிகரிடையே பெரும் மனக்கசப்பை உண்டாக்கியது. பெயர் நிலைக்கும்போது ஆட்கள் நோவதும் உண்டு என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அதே ஆண்டில் ஹார்ட்மன் திரும்பி வந்தார். 2005 ஒக்ரோபரில் டெனசி மாநிலத்தின் பிராங்ளின் நகரிற் பிரியாவிடை நிகழ்ச்சி ஒலிப்பதிவு செய்யப்பட்டது. அன்று மேடைக்கு விருந்தினராக வந்து, தாம் விட்டுப்போன பாட்டுகளைப் பாடினார் வோல்ஸ். பழைய குரலும் புதிய குரலும் ஒரே மேடையில் நின்றன. எது உண்மையான பெட்ரா என்ற ரசிகர் வழக்குக்கு அதைவிட நல்ல தீர்ப்புக் கிடையாது.

2005 ஆம் ஆண்டின் இறுதி இரவில் வட கரோலினாவின் மேர்ஃபி நகரில் அவர்களது கடைசி நிகழ்ச்சி நடந்தது. கடைசி என்றார்களே தவிர, 2010 இல் வோல்ஸ் காலத்து உறுப்பினர் ‘கிளாசிக் பெட்ரா’ என்ற பெயரில் ஒன்றுகூடினர். நீக்கப்பட்ட வீவரும் அதில் ஹார்ட்மனோடு சேர்ந்து வாசித்தார் என்பது மனதுக்கு ஆறுதல் தரும் செய்தி. ஐம்பதாண்டு நிறைவை ஒட்டி ஷ்லிட்டும் ஹார்ட்மனும் மறுபடி மேடையேறினர்.

நேயர்களே, இத்தனை பேர் வந்து போயும் ஒரு குழு எப்படி நின்றது? விசுவாசம் நிறுத்தியது என்று ஒரு சொல்லிற் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் விசுவாசம் குறையாத எத்தனையோ குழுக்கள் தலைவரோடு மறைந்து போயின. என் மனதிற் படுவது வேறொன்று. ஹார்ட்மன் தம் பாட்டைத் தாமே பாடவேண்டும் என்று அடம்பிடிக்கவில்லை. தொடக்கத்திலேயே ஒலிவாங்கியை இன்னொருவர் கையிற் கொடுத்தார். அதனால் அவருடைய பாட்டுகள் முதலிலிருந்தே பிறர் வாய்க்கென்று எழுதப்பட்டன. வோல்ஸ் போன பிறகு அவை ஷ்லிட்டின் வாயிலும் பொருந்தின. அவரது குரலின் குறைதான் குழுவின் ஆயுளாயிற்று. நமது கூத்து மரபையும் எண்ணிப் பாருங்கள். அண்ணாவியார் தாமே எல்லா வேடமும் ஆடுவதில்லை. ஆட்டத்தையும் பாட்டையும் பழக்கிக் கொடுத்துவிட்டு, மத்தளத்தோடு பின்னே நிற்கிறார்.

இதை நான் உணர்ந்த இடம் எங்கள் ஊர்க் கோவில். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு எங்கள் ஏழுபேர் குழு சிதறிப்போயிற்று. ஒருவன் வன்னிக்கு, இருவர் கனடாவுக்கு, நான் கொழும்புக்கு. பெடல் சுற்றியவன் எங்கே போனான் என்று இன்றுவரை தெரியாது. பல ஆண்டுகள் கழித்து ஊர்த் திருவிழாவுக்குப் போனேன். கோவிற் பலகையில் எங்கள் குழுவின் பெயர் எழுதியிருந்தது. பலிபூசையில் ஏழெட்டுப் பிள்ளைகள் பாடினார்கள். ஒருவரையும் எனக்குத் தெரியாது. காணிக்கை வேளையில் அவர்கள் எடுத்த பாட்டு, மெழுகுதிரி வெளிச்சத்தில் நாங்கள் ஏழுபேரும் கூடிக் கட்டிய பாட்டு. இரண்டாம் அடியில் ஒரு சொல்லை மாற்றியிருந்தார்கள். தாளத்தையும் விரைவாக்கியிருந்தார்கள்.

முதலில், ‘இது எங்கள் குழு இல்லை’ என்று நெஞ்சுக்குள் ஒரு குரல் எழுந்தது. இரண்டாவது கசெற்றைக் கழற்றி வைத்த அதே பழைய குரல். இந்தமுறை நான் அதற்குச் செவிகொடுக்கவில்லை. பூசை முடிய அந்தப் பிள்ளைகளிடம் போய், ‘இந்தப் பாட்டு ஆர் கட்டினது, தம்பி?’ என்று கேட்டேன். கிற்றாரை உறையில் வைத்துக்கொண்டிருந்த பையன், ‘தெரியாது அங்கிள், இது முந்தியே எங்கட குழுவில இருக்கிற பாட்டு’ என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் மாற்றிய அந்தச் சொல் எங்கள் சொல்லைவிடப் பொருத்தமாயிருந்தது என்பதை மாத்திரம் அவனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.